உப்பில்லாத வசனம்

“முப்பத்தாறு வருஷம் ரயில்ல டூட்டி பாத்தவன்மா நான். ஒரு நாள் வண்டியக் கோட்டை விட்டதில்ல. இந்த வேதத்த மட்டும் ஒன்பது நாளுக்கு மேல தொடந்து வாசிக்க முடியல. அது ஏன்?”

செம்பாறை ஜெபவீட்டு வாசலில் நின்றபடியே வேதக்கண் கேட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

உள்ளே புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஏசுவடியாள் நிமிர்ந்து பார்த்தாள்.

“பத்தாவது நாள் என்ன ஆகுது அண்ணாச்சி?”

“ஏதாவது வந்துரும். கல்யாண வீடு வரும். தலைவலி வரும். ஒண்ணுமே வரலன்னா மறந்துருவேன்.”

“பதினோராவது நாள்?”

பதினோராவது நாளைப் பற்றிப் பேசுவதற்கு அவர் அவ்வளவு தூரம் பஸ் ஏறி வரவில்லை.

“செருப்ப வெளிய விட்டுட்டு வாங்க. ஒரு அதிகாரம் வாசிங்க.”

“எத வாசிக்க?”

“நாடா கிடக்குற எடத்துலருந்து.”

சுவரோரம் மரப்பலகையில் வேதப்புத்தகம் இருந்தது. அடையாளத்துக்கு வைத்திருந்த நாடாவைப் பிடித்துத் திறந்தார். லேவியராகமம், ஒன்பதாம் அதிகாரம்.

அவர் முகம் சுருங்கிப்போனது. அறுபத்தாறு புத்தகம் உள்ள வேதத்தில் இவருக்கென்று இதுவா வந்து மாட்ட வேண்டும்?

வாசித்தார். ஏசுவடியாள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கை மட்டும் புளியில் இருந்தது.

முடித்ததும், “ஆமென். நாளைக்கு வாங்க” என்றாள்.

“நான் கேட்டதுக்கு என்னம்மா பதில்?”

“நாளைக்கு வாங்க அண்ணாச்சி.”

*

வேதக்கண்ணுக்கு வயது அறுபத்திரண்டு. டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற அன்று கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்தார். சந்தேகத்தைக் கழற்றி வைக்க மறந்துவிட்டார். பால்காரன் சிரித்தால் பாலை முகர்ந்து பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் நலம் விசாரித்தால், எதற்கு விசாரிக்கிறார் என்று அன்று முழுக்க யோசிப்பார்.

ஏசுவடியாளுக்கு நாற்பத்தைந்து இருக்கும். பாறை மேல் ஓர் ஓட்டு வீடு, ஒரு கிணறு, கொஞ்சம் கத்தரிச்செடி, அவ்வளவுதான் அவள். குருத்துவப் பட்டம் கிடையாது. பிரசங்கம் கிடையாது. ஆனாலும் சுத்துப்பட்டில் யாருக்கு மனசு சரியில்லை என்றாலும் பாறைக்குப் போய்விட்டு வருவார்கள். ‘பதினெட்டு வருஷமா ஒரு நாள்கூட வேதம் இல்லாம பொழுது போனதில்ல அந்தம்மாவுக்கு’ என்று சொல்வார்கள்.

அதைக் கேட்டுத்தான் வேதக்கண்ணும் வந்தார்.

ஆனால் உண்மையான காரணம் வீட்டில் இருந்தது. அவர் மனைவி ஞானாபரணம். முப்பது வருஷமாகத் தினம் வேதம் வாசித்தவள். போன வருஷம் சர்க்கரை வியாதி அவள் கண்ணைக் கொண்டுபோய்விட்டது. “இனி நீங்க வாசிங்க, நான் கேக்கேன்” என்று புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள்.

அவரும் வாசித்தார். ஒன்பது நாள். பத்தாவது நாள் விட்டுப்போனது.

புத்தகத்தோடு ஓர் அட்டவணை வைத்திருந்தார். இன்ன தேதிக்கு இன்ன அதிகாரம். பதினோராவது நாள் உட்கார்ந்தபோது அட்டவணை முன்னால் போயிருந்தது, இவர் பின்னால் நின்றார். வண்டி தாமதமானால் நேரத்தைப் பிடிக்க என்ன செய்வார்கள் என்பது ரயில்காரருக்குத் தெரியாதா? சின்ன ஸ்டேஷனில் நிற்காமல் போனார். இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினார். இது வழக்கமாகிவிட்டது. ஒன்பது நாள் ஒழுங்கு, பத்தாவது நாள் லீவு, பதினோராவது நாள் பாய்ச்சல்.

ஒரு நாள் லேவியராகமத்தில் மூன்று அதிகாரங்களை ஒரேயடியாகத் தாண்டினார்.

ஞானாபரணம் கையை நீட்டி, “போதும்ங்க” என்றாள்.

மறுநாள் அவர் புத்தகத்தோடு வந்தபோது அவள் மடியில் போன் இருந்தது. சென்னையிலிருக்கிற மகள் வேதத்தை அதில் ஏற்றிக் கொடுத்திருந்தாள். அமுக்கினால் கணீரென்று ஒரு குரல் வாசித்தது.

“நான் வாசிக்கேனே ஞானம்.”

“வேண்டாம்ங்க. இது தாண்டாது.”

இவ்வளவுதான் சொன்னாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஆனால் காலையில் காப்பி குடித்ததும் அவள் பக்கத்தில் போட்டு உட்காருகிற அந்த நாற்காலி, அதற்கப்புறம் அவருக்கு இல்லை. முப்பத்தாறு வருஷத்தில் யாரும் அவரை அப்படி இறக்கிவிட்டதில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

அந்த நாற்காலி திரும்ப வேண்டும். அதற்கு ஒரு வழக்கம் வேண்டும். அதற்காகத்தான் செம்பாறை.

*

இரண்டாம் நாள் போனார்.

“வாசிங்க” என்றாள். வாசித்தார்.

“ஆமென். நாளைக்கு வாங்க.”

“புத்திமதி ஒண்ணும் கிடையாதா?”

“எனக்கு என்ன தெரியும், புத்திமதி சொல்ல?”

பஸ்ஸில் வரும்போதே அவர் மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. வருகிறவரை எல்லாம் வாசிக்கச் சொல்கிறாள். அவள் எப்போது வாசிக்கிறாள்? பதினெட்டு வருஷ வாசிப்பு என்கிறார்கள். அவள் புத்தகத்தைத் தொட்டு இவர் பார்க்கவில்லையே?

டிக்கெட் இல்லாத பயணியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பான். கேட்பதற்கு முன்னால் தூங்கிவிடுவான். இந்தம்மா கண்ணை மூடிக்கொள்கிறாளே!

மூன்றாம் நாள் வாசித்து முடித்துப் புத்தகத்தை மூடும்போது, நாடாவுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பங்கொழுந்தைச் செருகி வைத்தார்.

நான்காம் நாள் திறந்து பார்த்தார். வைத்த இடத்தில் வைத்தபடி கொழுந்து வாடிக் கிடந்தது. யாரும் திறக்கவில்லை.

“நேத்து நான் போனதுக்கப்புறம் வாசிச்சீங்களாம்மா?”

“நேத்துதான் நீங்க வாசிச்சீங்களே.”

“அதில்ல. தனியா.”

“தனியா எதுக்கு?”

பதில் இல்லை என்பதை இப்படியும் சொல்லலாம் என்று வேதக்கண் மனசுக்குள் குறித்துக்கொண்டார்.

அன்று கிளம்பும்போது ஏசுவடியாள் ஒரு கல்யாண அழைப்பிதழை நீட்டினாள். “யாரு வீட்டு விசேஷம்னு பாத்துச் சொல்லிட்டுப் போங்க அண்ணாச்சி.”

“ஏன், நீங்க பாக்கலியா?”

“நீங்கதான் கண்ணாடி போட்டுருக்கீங்கள்லா.”

அவர் வாசித்துச் சொன்னார். சொல்லிவிட்டு அவள் கண்களை உற்றுப் பார்த்தார். நல்ல கண்கள். தூரத்தில் கத்தரிச்செடியில் ஏறுகிற ஆட்டைப் பார்த்துக் கல்லெறிகிற கண்கள்.

*

ஐந்தாம் நாள் நாடா பதிமூன்றாம் அதிகாரத்தில் கிடந்தது.

வேதக்கண்ணுக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். தோலில் தடிப்பு, வெள்ளைத் தழும்பு, சொறி, நோயாளிக்கு ஏழு நாள் அடைப்பு. முடிவே இல்லாமல் போகும். வீட்டில் அவர் தாண்டிய இடம் இங்கேதான் தொடங்கியது.

பாதிப் பக்கம் வாசித்தார். பிறகு, சோதித்துத்தான் பார்ப்போமே என்று, ஒரு பக்கத்தை அப்படியே விட்டுக் கடைசி இரண்டு வசனத்துக்கு வந்தார்.

ஏசுவடியாள், “ஆமென்” என்றாள். “நாளைக்கு வாங்க.”

ஒரு சின்ன முகச்சுளிப்புகூட இல்லை.

வீட்டில் ஞானாபரணம் கண் தெரியாமலே பிடித்தாள். இங்கே கண் தெரிந்தவள் பிடிக்கவில்லை. வேதக்கண் சந்தோஷமாகப் பஸ் ஏறினார். ஒரு மாதிரியான சந்தோஷம், யாரிடமும் சொல்ல முடியாதது.

ஆறாம் நாள் பதினாலாம் அதிகாரம். வீட்டுச் சுவரில் பூசணம் பிடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று போய்க்கொண்டிருந்தது. வேதக்கண் குரலைத் தாழ்த்தாமல், நிறுத்தாமல், நடுவில் ஒன்றைச் சேர்த்து வாசித்தார்.

“அந்நாள்முதல் உன் ஆகாரத்தில் உப்புச் சேராதிருப்பதாக.”

சின்ன வயசிலிருந்து கேட்டு வளர்ந்த பாஷை. அவருக்கே அது நிஜம் போலத்தான் இருந்தது.

ஏசுவடியாளின் கை நின்றது. ஒரு நிமிஷம்தான். மறுபடி கொட்டையை எடுக்க ஆரம்பித்தாள்.

“ஆமென்.”

*

ஏழாம் நாள் அவர் போனபோது அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவருக்கும் ஒரு கும்பாவில் ஊற்றிக் கொடுத்தாள். தொட்டுக்கொள்ளத் தேங்காய்த் துவையல்.

ஒரு வாய் வைத்தார். சப்பென்று இருந்தது. துவையலைத் தொட்டார். அதுவும் சப்பென்று இருந்தது.

“உப்பு போடலியாம்மா?”

“நேத்து நீங்கதான வாசிச்சீங்க.”

வேதக்கண் கும்பாவுக்கு மேலாக அவளைப் பார்த்தார். நக்கல் பண்ணுகிறாளா? கண்டுபிடித்துவிட்டு ஆழம் பார்க்கிறாளா? முப்பத்தாறு வருஷம் ஆயிரக்கணக்கான முகங்களைப் படித்தவர், அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடாமல் திணறினார்.

“எத்தன நாளைக்கு?”

“எத்தன நாளைக்குன்னு அதுல போட்டுருந்துச்சா?”

“இல்ல.”

“அப்ப வேற வசனம் வர்ற வரைக்கும்.”

அன்று பதினைந்தாம் அதிகாரம். ஆணும் பெண்ணும் உடம்பில் படுகிற பாடுகளைப் பற்றியது. ஒரு பெண்பிள்ளை முன்னால் அதை வாசிக்க வேதக்கண்ணுக்குக் கூச்சம் பிடுங்கியது. தலையைக் குனிந்துகொண்டு கடகடவென்று ஓட்டினார்.

“மெதுவா அண்ணாச்சி” என்றாள் ஏசுவடியாள். “ஒடம்புதான. ஒளிக்க என்ன இருக்கு?”

எட்டாம் நாளும் உப்பில்லாத கஞ்சி. வெளியில் சித்திரை வெயில் பாறையை வறுத்துக்கொண்டிருந்தது. அவள் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தூக்கிக் கத்தரிக்கு ஊற்றிவிட்டு, வேர்வை வழிய வந்து உட்கார்ந்தாள். ஒரு காலை நீட்டிக் கெண்டைக்காலை அமுக்கிவிட்டுக்கொண்டாள்.

“என்னம்மா?”

“இழுத்துப் பிடிக்குது. சரியாப் போகும். வாசிங்க.”

எடுத்து முடித்த புளி ஒரு மூலையில் குவிந்து கிடந்தது. உப்புப் போட்டுப் பானையில் அடைக்கவில்லை. அதையும் அவர் கண் பார்த்தது.

*

ஒன்பதாம் நாள் வாசித்து முடித்ததும் ஏசுவடியாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அண்ணாச்சி, அந்த உப்பு வசனம் எங்க இருக்குன்னு கொஞ்சம் காட்டுங்க.”

சரி, மாட்டிக்கொண்டோம் என்று வேதக்கண் நினைத்தார். மெல்லப் பின்னால் புரட்டினார். பதினாலாம் அதிகாரம். ஏதாவது ஒரு வரியைக் காட்டிவைப்போம் என்று சுவர்ப் பூசணத்தைப் பற்றிய ஒரு வசனத்தில் நகத்தை வைத்தார்.

ஏசுவடியாள் அந்த இடத்தில் தன் விரலை வைத்தாள். கண்ணை மூடினாள். உதடு அசைந்தது.

“ஆண்டவரே, இது கஷ்டமா இருக்கு. நீர் சொல்லிட்டீர்ங்கறதுனால செய்யுதேன்.”

விரலுக்குக் கீழே பெரிய எழுத்தில் சுவரும் காரையும் கிடந்தன. உப்பு என்ற சொல் அந்தப் பக்கத்திலேயே இல்லை. எழுத்துக் கூட்டத் தெரிந்த யாருக்கும் அது புரியும்.

அவளுக்கு எழுத்து தெரியாது!

வேதக்கண் பிடித்துவிட்டார். பதினெட்டு வருஷம் டிக்கெட் இல்லாமல் பயணம். முகத்தில் எதையும் காட்டாமல் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு, பாறையை விட்டு இறங்கினார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே சத்தமாகச் சொன்னார்.

“ஞானம், ஒரு விஷயம் கேளு. செம்பாறை அம்மா, செம்பாறை அம்மான்னு ஊரே தூக்கி வச்சு ஆடுதுல்லா? அந்தம்மாவுக்கு எழுத்தே தெரியாது!”

ஞானாபரணம் போனை நிறுத்தினாள்.

“அப்பிடியா? அப்ப வேதத்த யாரு வாசிச்சுக் குடுக்கா?”

“போற வர்றவங்கதான். நான்கூட இந்த ஒன்பது நாளா வாசிச்சேன்.”

“பாவம்” என்றாள் ஞானாபரணம். பிறகு கேட்டாள்: “வாசிக்கிறவங்க தாண்டுனா அவ என்ன செய்வா?”

வேதக்கண் நின்ற இடத்திலேயே நின்றார்.

அவள் அவர் பக்கம் திரும்பவுமில்லை. போனை அமுக்கினாள். கணீர்க் குரல் மறுபடி ஓட ஆரம்பித்தது.

*

மறுநாள் காலை அவர் போவதாக இல்லை. போய் என்ன ஆகப்போகிறது? ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. வேலை முடிந்தது. பேப்பரை எடுத்து விரித்தார். ஒரு வரி ஓடவில்லை. ஞானாபரணம் வைத்த இட்லியைச் சட்னியில் தொட்டு வாயில் போட்டார். சட்னியில் உப்பு சரியாக இருந்தது. அவரால் விழுங்க முடியவில்லை.

பஸ் ஏறிவிட்டார். ஏறி உட்கார்ந்த பிறகு அவருக்கு ஓர் உபாயம் தோன்றியது. இன்னொரு வசனத்தைச் சேர்த்துவிட்டால் போகிறது. ‘பத்தாம் நாளில் உன் ஆகாரத்தில் உப்பிடக்கடவாய்.’ யாருக்கும் நஷ்டமில்லை. யாரிடமும் தலைகுனிய வேண்டியதில்லை. இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நன்றாகத்தான் வந்தது.

ஏசுவடியாள் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். குடம் சாய்ந்து தண்ணீர் ஓடிக்கிடந்தது.

“தல சுத்திருச்சு அண்ணாச்சி. ஒண்ணுமில்ல. உள்ள வாங்க.”

சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாயில் உட்கார்ந்து கண்ணை மூடினாள்.

“வாசிங்க.”

வேதக்கண் புத்தகத்தைத் திறந்தார். நாடாவை ஒதுக்கினார்.

“பத்தாம் நாளில்…” என்று ஆரம்பித்தார்.

ஏசுவடியாள் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை நீட்டினாள். “எங்க அண்ணாச்சி இருக்கு? அதுல வைங்க.”

அந்த விரல் அந்தரத்தில் நின்றது. புளி படிந்து கறுத்த விரல். நகம் பிளந்திருந்தது. அது எங்கே வைத்தாலும் போகத் தயாராக நின்றது.

வேதக்கண்ணுக்கு அழுகை வந்துவிட்டது.

“இல்லம்மா.”

“இந்தப் பக்கத்துல இல்லியா?”

“எந்தப் பக்கத்துலயும் இல்ல. அன்னைக்கு வாசிச்ச உப்பும் இல்ல. நான் சேத்தது. நீங்க நெசமா இல்ல வேஷமான்னு பாக்கதுக்குச் சேத்தேன். அதுக்கு முந்தின நாள் ஒரு பக்கத்த விட்டுட்டேன். அதுவும் அதுக்குத்தான்.”

ஏசுவடியாள் விரலை மடக்கிக்கொண்டாள். கண்ணைத் திறந்தாள்.

“அப்ப உப்பு போடலாமா அண்ணாச்சி?”

“போடுங்கம்மா.”

“நெசமா?”

அந்த ஒரு சொல்லில் வேதக்கண் ஒடுங்கிப்போனார். இத்தனை வருஷம் எதிராளியைப் பார்த்து அவர் கேட்ட சொல் அது.

“நெசமாம்மா.”

அவள் எழுந்து போய் ஒரு சொம்பு நீராகாரத்தில் கல்லுப்பைப் போட்டுக் கலக்கி, நின்றபடியே குடித்தாள். குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“என் மேல கோவம் இல்லியா?”

“இருக்கு” என்றாள் ஏசுவடியாள். “நாலு நாளா கால் இழுக்கு. இருக்காதா?”

“எழுத்து தெரியாதுன்னு நீங்க முதல்லயே சொல்லிருக்கலாம்லா?”

“நீங்க கேக்கல. ஏழு வயசுலருந்து பீடி சுத்துனவ நான். எனக்கு யாரு எழுத்து சொல்லிக் குடுத்தா? தெரியும்னு நான் யாருகிட்டயும் சொன்னதுமில்ல.”

“பதினெட்டு வருஷமா எத்தன பேரு வாசிச்சிருப்பாங்க. அதுல இன்னும் எத்தன பேரு என்னப் போல…”

“இருப்பாங்க. எனக்கு எப்பிடித் தெரியும்? ஆனா மறுநாள் வந்து என் கஞ்சியக் குடிச்சுப் பாத்தது நீங்க ஒருத்தருதான்.”

வேதக்கண் மூக்கைச் சிந்தினார். “இனி நான் வாசிச்சா நம்புவீங்களா?”

“விட்ட பக்கத்த மொதல்ல வாசிங்க. அப்புறம் பாப்போம்.”

அவர் பதிமூன்றாம் அதிகாரத்துக்குத் திரும்பினார். தடிப்பு, தழும்பு, சொறி, ஏழு நாள் அடைப்பு. ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். இந்தத் தடவை ஏசுவடியாள் கண்ணை மூடவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடித்ததும் ஆமென் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டாள்.

“அண்ணாச்சி, எனக்கு முன்னால யாருக்கு இப்பிடி வாசிச்சீங்க?”

“ஏன் கேக்கீங்க?”

“மொதத் தடவ பொய் சொல்றவங்களுக்குக் குரல் எங்கயாவது இடறும். ஒங்களுக்கு இடறல. அதான்.”

வேதக்கண் செருப்பைப் போடாமலே பாதித்தூரம் இறங்கிவிட்டு, கால் சுட்டதும் திரும்பி வந்து போட்டுக்கொண்டு போனார்.

*

ஞானாபரணம் நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் பேசாமல் கிடந்தது.

வேதக்கண் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அந்தச் சத்தம் கேட்டு அவள் முகம் திரும்பியது.

“ஞானம். லேவியராகமத்துல பதிமூணு, பதினாலு, பதினஞ்சு. மூணு அதிகாரத்த நான் தாண்டுனேன்.”

“தெரியும்.”

“இன்னும் வேற எடத்துலயும் தாண்டிருக்கேன்.”

“அதுவும் தெரியும்.”

“அப்ப ஏன் கேக்கல?”

அவள் புடவை முந்தியைச் சுருட்டினாள், பிரித்தாள்.

“இப்ப அந்த மூணையும் வாசிச்சுருதேன்” என்றார். “போன்ல கேட்டிருப்ப. இருந்தாலும் நான் வாசிச்சுருதேன்.”

“போன்ல எங்க கேட்டேன்? அது வாசிக்க ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷம் தூங்கிட்டேன். நான் தூங்குனது அதுக்குத் தெரியுமா? அது பாட்டுக்குப் போயிருச்சு.” அவள் பெருமூச்சு விட்டாள். “இந்தத் தடவையாவது அந்த மூணையும் கேட்டுறலாம்னு இருந்தேன்.”

வேதக்கண்ணின் காது நிமிர்ந்தது. பழைய காது. சும்மா இருக்குமா?

“இந்தத் தடவையாவதுன்னா?”

ஞானாபரணம் மடியிலிருந்த போனைத் தடவினாள்.

அவர் அவளையே பார்த்தார். அந்த முகத்தை அவருக்குத் தெரியும். பெட்டிக்குப் பெட்டி பார்த்த முகம். பரிசோதகர் பக்கத்தில் வந்து நின்றதும், டிக்கெட் இல்லாத பையில் தேடுகிறவர்களின் முகம்.

“ஞானம்?”

“புது வருஷ ஆராதனைல கேப்பாங்கள்லா, போன வருஷம் முழு வேதத்தயும் வாசிச்சு முடிச்சவங்க கை தூக்குங்கன்னு.”

“ஆமா. முப்பது வருஷமா தூக்குத.”

“தூக்கினேன்.”

“ஞானம், நான் தாண்டுனது ஒனக்கு எப்பிடித் தெரிஞ்சுது? எல்லாம் மனப்பாடம்னுலா நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

“மனப்பாடமா!” அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே தெரியாத கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. “அந்த எடம் வந்ததும் நாலு தாள் சேந்து புரண்டுச்சுங்க. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? முப்பது வருஷமா நான் போட்ட சத்தம்லா அது.”